உரைகல்லில் ஒரு பேரரசு

பழைய பொற்காசு ஒன்று என் கைக்கு வந்தால் அதில் இருக்கும் முகத்தை நான் முதலில் பார்ப்பதில்லை. உரைகல்லை எடுப்பேன். காசின் விளிம்பைக் கல்லில் மெல்ல இழுத்து, பக்கத்திலேயே மாற்று, அதாவது பொன்னின் தரம், தெரிந்த உரையாணியை இழுத்து, இரண்டு கோடுகளின் நிறத்தையும் வெளிச்சத்தில் ஒப்பிடுவேன். சந்தேகம் இருந்தால் ஒரு சொட்டுத் திராவகம். ராஜா யார், சாமி யார் என்ற கேள்வியெல்லாம் அதற்குப் பிறகுதான். நாகர்கோவில் வடசேரியில் கோவில் நகை செய்கிற குடும்பங்களில் பிறந்தவர்களுக்கு இது எழுத்துப் படிப்பதற்கு முன்பே வந்துவிடும் பழக்கம். "மொகத்தப் பாத்து மயங்காத மக்கா, கல்லுகிட்ட கேளு" என்பார் என் அப்பா.

இப்படிக் கல்லிடம் கேட்டவர்கள் எல்லாரும் தலையசைத்து வாங்கிக்கொண்ட காசு ஒன்று ஏழு நூற்றாண்டுகள் உலகத்தில் புழங்கியது. கிறிஸ்தவப் பேரரசான பைசாந்தியத்தின் பொற்காசு அது. ரோமப் பேரரசின் தலைநகரைக் கிழக்கே கான்ஸ்டான்டினோப்பிளுக்கு, அதாவது இன்றைய இஸ்தான்புல்லுக்கு, கொண்டுபோன சக்கரவர்த்தி கான்ஸ்டன்டைன் 4ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதை அடிக்க ஆரம்பித்தார். லத்தீனில் சோலிடஸ் என்றும் கிரேக்கத்தில் நோமிஸ்மா என்றும் பெயர். ஒரு ரோமானிய ராத்தல் பொன்னில் 72 காசு அடித்தார்கள். ஒரு காசு ஏறத்தாழ 4.5 கிராம், நம் கணக்கில் அரைப் பவுனுக்குச் சற்று மேலே.

அந்தக் காசின் பின்பக்கம், உருவத்தின் காலடியில், ஐந்து லத்தீன் எழுத்துகள் இருக்கும். முதல் மூன்றும் கான்ஸ்டான்டினோப்பிளைச் சொல்கின்றன. கடைசி இரண்டும் புடம் போட்ட பொன் என்பதற்கான சுருக்கம். வரியாக வந்து சேரும் காசுகளில் தரம் குறைந்ததும் ஓரம் வெட்டியதும் கலந்திருக்கும் என்பதால், எல்லாவற்றையும் உருக்கிச் சுத்தம் செய்த பிறகே மறுபடி காசடிக்க வேண்டும் என்று 4ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் சட்டம் போட்டார்கள். அந்தச் சட்டத்தின் முத்திரைதான் இந்த இரண்டு எழுத்து. இன்று நகைக்கடையில் 916 இருக்கிறதா என்று கண்ணாடி வைத்துத் தேடுகிறோமே, அதற்கு 1,600 ஆண்டு மூத்த முத்திரை. என் தொழிலில் இருப்பவன் இதைப் படிக்கும்போது அந்த அக்கசாலையில் உலை ஊதியவர்களை மனதுக்குள் கும்பிடத்தான் வேண்டும்.

காசின் முகம் காலத்துக்குக் காலம் மாறியது. ஆரம்பத்தில் கவசம் அணிந்து ஈட்டி பிடித்த சக்கரவர்த்தி, பின்னால் இறக்கை விரித்த வெற்றித் தெய்வம். அந்தத் தெய்வம் கொஞ்சம் கொஞ்சமாகச் சிலுவை ஏந்திய தேவதூதர் ஆனது. பிறகு படிக்கட்டு மேல் நிற்கும் சிலுவை. 7ஆம் நூற்றாண்டின் கடைசியில் இரண்டாம் ஜஸ்டினியன் செய்த மாற்றம்தான் பெரியது. காசின் முன்பக்கத்தை இயேசுவின் முகத்துக்குக் கொடுத்துவிட்டு, தான் பின்பக்கம் போய்ச் சிலுவையைப் பிடித்தபடி நின்றார். கிறிஸ்துவின் ஊழியன் என்று தன்னைக் காசிலேயே எழுதிக்கொண்டார். இத்தனை மாற்றத்திலும் எடையும் மாற்றும் பெரிதாக அசையவில்லை.

இந்தக் காசுக்கும் நம் கடலுக்கும் உள்ள உறவைச் சொல்ல ஒரு சாட்சி இருக்கிறார். அலெக்சாண்டிரியா வணிகர், பிற்காலத்தில் துறவி, பெயர் கொஸ்மாஸ். 6ஆம் நூற்றாண்டின் நடுவில் அவர் எழுதிய 'கிறிஸ்தவ நிலவியல்' என்ற நூலில் மிளகு விளையும் மலே நாட்டின், அதாவது மலபாரின், துறைமுகங்களை வரிசையாகச் சொல்கிறார். அங்கே ஒரு தேவாலயம் இருந்தது என்கிறார். இலங்கையைத் தாண்டி நிலப்பக்கம் சங்கு ஏற்றுமதி செய்யும் ஒரு துறையையும், அடுத்து காபேர் என்ற துறையையும் குறிக்கிறார். காபேர் நம் காவிரிப்பூம்பட்டினம்தான் என்பது ஆய்வாளர்கள் கருத்து. மலே நாட்டிலிருந்து சங்குத் துறைக்குக் கரையோரமாகக் கோடு போட்டால் அது குமரி முனையைச் சுற்றாமல் போகாது.

கொஸ்மாஸ் சொல்லும் கதை ஒன்றை நான் பலருக்கும் சொல்லியிருக்கிறேன். சோபட்ரோஸ் என்ற ரோமானிய, அதாவது பைசாந்திய, வணிகர் இலங்கை அரசனின் அவைக்குப் போகிறார். பாரசீக வணிகர் ஒருவரும் அங்கே நிற்கிறார். உங்கள் இருவரின் ராஜாக்களில் யார் பெரியவர் என்று அரசன் கேட்கிறான். பாரசீகர் முந்திக்கொண்டு எங்கள் ராஜாதான் என்கிறார். சோபட்ரோஸ் வாயைத் திறக்கவில்லை. நீ ஏன் பேசவில்லை என்று அரசன் கேட்டதும், இரண்டு ராஜாக்களும் இங்கேயே இருக்கிறார்கள், பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி ரோமானியப் பொற்காசையும் பாரசீக வெள்ளிக்காசையும் முன்னால் வைக்கச் சொல்கிறார். அரசன் இரண்டையும் புரட்டிப் பார்க்கிறான். பொற்காசு பளபளவென்று நேர்த்தியாக இருக்கிறது. அந்தத் தீவுக்கு அனுப்புவதற்கென்று நல்ல காசாகப் பொறுக்கி எடுப்பார்கள் என்று கொஸ்மாஸ் ஒரு விவரம் சேர்க்கிறார். சோபட்ரோஸை யானைமேல் ஏற்றிக் கொட்டு முழக்கத்தோடு ஊர்வலம் விட்டார்களாம். ரோமானிய வெள்ளிக்காசைப் பற்றி ஏறக்குறைய இதே கதையை 1ஆம் நூற்றாண்டிலேயே பிளினி எழுதிவிட்டார், ஆகவே கதை எவ்வளவு நடந்தது என்பதை விட்டுவிடலாம். நல்ல காசாகப் பொறுக்கி அனுப்பினார்கள் என்ற வரியை மட்டும் நான் முழுதாக நம்புகிறேன். கிழக்குக் கரையில் இருப்பவன் உரைத்துப் பார்க்காமல் வாங்கமாட்டான் என்று அனுப்பியவனுக்குத் தெரிந்திருக்கிறது.

தென்னிந்தியாவில் கிடைத்த பைசாந்தியப் பொற்காசுகளில் ஒரு பழக்கம் திரும்பத் திரும்பத் தெரிகிறது. கர்நாடகத்தின் ஹாவேரி மாவட்டத்தில் அக்கி ஆலூர் என்ற ஊரில் கிடைத்த புதையலில் 5, 6ஆம் நூற்றாண்டுச் சக்கரவர்த்திகளின் காசுகள் இருந்தன. இத்தகைய காசுகள் பலவற்றில் சக்கரவர்த்தியின் தலைக்கு மேலே அடுத்தடுத்து இரண்டு துளைகள் இருக்கின்றன. கோத்து அணிந்துகொள்வதற்காகப் போட்டவை. ஒரு துளை போதாதா என்று கேட்பவர்களுக்குப் பட்டறைக்காரனின் பதில் என்னிடம் உண்டு. ஒரு துளையில் கோத்த காசு நெஞ்சில் சுழலும், ஒரு நேரம் முகம் தெரியும், ஒரு நேரம் முதுகு தெரியும். இரண்டு துளையில் கோத்தால் முகம் எப்போதும் முன்னே பார்த்து நிற்கும். துளை போட்ட தட்டான் அந்த முகத்தை ஒரு தெய்வமாகவோ, தெய்வத்துக்கு அடுத்தபடியாகவோ மதித்திருக்கிறான். எழுத்துத் தெரியாமலேயே அச்சு வெட்டி அடித்த உள்ளூர்ப் போலிகளும் கிடைத்திருக்கின்றன. அவற்றில் எழுத்து வெறும் கீறலாக இருக்கும்.

இதற்கு நேர்மாறான நடத்தையும் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. புதுக்கோட்டைப் பகுதியில் கறுக்காக்குறிச்சியில் 1898இல் 501 ரோமானியப் பொற்காசுகள் ஒரே புதையலாகக் கிடைத்தன. அவை இன்னும் முந்தைய காலத்தவை. பெரும்பாலானவற்றில் ராஜாவின் தலைமேல் உளியால் வெட்டியிருக்கிறார்கள். இங்கே இந்த ராஜாவின் அதிகாரம் செல்லாது, பொன் மட்டும் செல்லும் என்பது போன்ற வெட்டு. ஒரு காலத்தில் வெட்டிய முகத்தை இன்னொரு காலத்தில் மாலையாகக் கோத்திருக்கிறார்கள்.

பொன்னைத்தான் எல்லாரும் தேடுவார்கள். ஆனால் மதுரையிலும் கரூரிலும் ஆற்றுமணலில் கிடைத்த பிற்கால ரோமானியச் செப்புக் காசுகளை, சட்டைப் பித்தானைவிடச் சிறியவற்றை, ஒன்றொன்றாகச் சேர்த்துப் படித்து 1994இல் நூலாக்கியவர் தினமலர் ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி. சங்க காலப் பாண்டியன் பெருவழுதியின் பெயர் பொறித்த காசை அடையாளம் கண்டவரும் அவர்தான். அவருடைய தந்தை டி.வி. ராமசுப்பையர் எங்கள் நாகர்கோவில் பக்கத்துக்காரர் என்பதை இங்கே சொல்லாமல் இருக்க என்னால் முடியாது.

641இல் அலெக்சாண்டிரியா அரேபியர் வசமானது. செங்கடல் வழி பைசாந்தியத்தின் கையைவிட்டுப் போனது, நம் கரைக்கு அந்தக் காசு வருவதும் நின்றுபோனது. அரேபியரின் முதல் தினார்களே பைசாந்தியக் காசைப் பார்த்து அடித்தவை. சிலுவையின் குறுக்குக் கட்டையை மட்டும் எடுத்துவிட்டு வெறும் கம்பமாக்கினார்கள். 690களின் இறுதியில் உருவங்களையும் நீக்கி எழுத்து மட்டும் கொண்ட தினார் வந்தது.

கான்ஸ்டான்டினோப்பிளிலோ, 11ஆம் நூற்றாண்டு வரைக்கும் அதே மாற்று. பிறகுதான் காசடித்த கை நடுங்கியது. 1034இல் பட்டத்துக்கு வந்த நான்காம் மைக்கேல் காலத்தில் பொன்னில் வெள்ளி கலக்கத் தொடங்கினார்கள். முதலில் கொஞ்சம், கண்ணுக்குத் தெரியாத அளவு. அடுத்தடுத்து வந்தவர்கள் இன்னும் கொஞ்சம். போர்ச்செலவு, படைக்குச் சம்பளம், பெரிய மனிதர்களுக்கு வெகுமதி, எல்லாவற்றுக்கும் கஜானாவில் இருந்த பொன்னை இழுத்துப் பரப்பினார்கள். 1071இல் மன்சிகெர்ட்டில் துருக்கியரிடம் தோற்றபோது காசும் கூடவே சரிந்தது. 24 காரட்டாக இருந்தது 8 காரட்டுக்கும் கீழே போனது. வெள்ளி கூடினால் உரைகல்லில் கோடு வெளிறும். அந்தக் கோட்டை நான் கற்பனையில் பார்க்கிறேன். ஒரு தாத்தா காலத்தில் மஞ்சளாக விழுந்த கோடு பேரன் காலத்தில் வெளிறிக் கிடந்திருக்கும்.

அதே நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே, தஞ்சைப் பெரிய கோவிலுக்கு ராஜராஜன் கொடுத்த பொன்னை 'ஆடவல்லான்' என்ற எடைக்கல்லால் நிறுத்து, ஒவ்வொரு நகையின் நிறையையும் கல்லிலேயே வெட்டி வைத்தார்கள். நம் தொழிலின் மிகப் பெரிய கணக்குப் புத்தகம் அது.

கான்ஸ்டான்டினோப்பிளில் 1092இல் சக்கரவர்த்தி அலெக்சியோஸ் பழைய காசைத் தள்ளிவிட்டு ஹைப்பர்பைரோன் என்ற புதிய பொற்காசை இருபதரைக் காரட்டில் கொண்டுவந்தார். நல்ல முயற்சிதான். ஆனால் 1204இல் நான்காம் சிலுவைப் போரின் படைகள் வெனிஸ்காரர்களின் கப்பலில் வந்து கான்ஸ்டான்டினோப்பிளையே சூறையாடின. கிறிஸ்தவ நகரத்தைக் கிறிஸ்தவர்களே கொள்ளையடித்தார்கள். 1261இல் நகரம் திரும்பக் கிடைத்தபோது பழைய வலு இல்லை. 1343இல் அரசி அன்னா, பேரரசின் மணிமுடி நகைகளை 30,000 டகாட்டுக்கு வெனிஸில் அடகு வைத்தார். அவை மீட்கப்படவே இல்லை. 1347இல் ஆறாம் ஜான் முடிசூடியபோது முடியில் பதித்திருந்தது வண்ணக் கண்ணாடி என்று அந்நாளைய வரலாற்றாசிரியர் எழுதியிருக்கிறார். சிவப்புக் கெம்பு பதித்தே வயிறு வளர்த்தவன் நான், கல் பதிக்க வேண்டிய குழியில் கண்ணாடி வைக்கச் சொன்னால் ஒரு தட்டான் மனம் என்ன பாடுபட்டிருக்கும் என்று எனக்குத் தெரியும். அடுத்த சில ஆண்டுகளில் பைசாந்தியம் பொற்காசு அடிப்பதையே நிறுத்தியது.

அடகு எந்தக் காசில் நடந்தது பாருங்கள். டகாட். 1284இல் வெனிஸ் நகரம் ஜொவான்னி தாந்தோலோ என்ற தலைவர் காலத்தில் அடிக்க ஆரம்பித்த பொற்காசு, சுமார் மூன்றரைக் கிராம், நூற்றுக்கு 99 பங்குக்கு மேல் சுத்தப் பொன். வெனிஸ் பேரரசு அல்ல, குடியரசு. அதன் தலைவருக்கு டோஜ் என்று பெயர். ஆனால் காசின் படம் பைசாந்தியத்தைப் பார்த்துக் கற்றது. புனித மாற்கு நின்றபடி ஒரு கொடிக்கம்பை நீட்டுகிறார், டோஜ் முழந்தாளிட்டு அதைப் பிடித்திருக்கிறார். மறுபக்கம் நட்சத்திரங்கள் நடுவே நீள்வட்டத்துக்குள் இயேசு. 1797இல் நெப்போலியன் வெனிஸ் குடியரசை முடித்துவைக்கும் வரை, 500 ஆண்டுகளுக்கு மேல், ஏறத்தாழ அதே எடை, அதே மாற்று, அதே படம். டோஜ் பெயர் மட்டும் மாறும்.

டகாட் பிறந்தபோது வெனிஸ்காரர் மார்க்கோ போலோ சீனப் பக்கம் இருந்தார். ஊர் திரும்பும் வழியில் 1290களில் நம் கடலைக் கடந்தார். காயலையும் கொல்லத்தையும் குமரியையும் எழுதியிருக்கிறார். சிறிது தூரம் கடலுக்குள் போனால் துருவ நட்சத்திரம் நீர்மட்டத்துக்குமேல் ஒரு முழ உயரத்தில் தெரிகிறது என்பது குமரியைப் பற்றி அவர் சொன்ன விவரம். 15ஆம் நூற்றாண்டில் வந்த நிக்கோலோ கொன்டி என்ற இன்னொரு வெனிஸ்காரர், இந்தியாவின் சில பகுதிகளில் டகாட் செலாவணியாக இருப்பதைச் சொல்கிறார். மிளகு போன வழியே காசு திரும்பி வந்தது: வெனிஸ், அலெக்சாண்டிரியா, செங்கடல், மலபார். திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோவில் அறைகளை 2011இல் திறந்து பட்டியலிட்டபோது வெனிஸ் காசுகளும் இருந்ததாகச் செய்தித்தாள்கள் எழுதின. 1795 வரை திருவிதாங்கூரின் தலைநகரம் நம் பத்மநாபபுரம்; நம் பக்கம் புழங்கிய காசு அந்தக் கோவிலுக்குப் போய்ச் சேர்ந்ததில் எனக்கு வியப்பில்லை.

திருவிதாங்கூரில் மக்கள் இந்தக் காசுக்கு வைத்த பெயர் சாணார் காசு. சென்னை அருங்காட்சியகத்தின் மேற்பார்வையாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் காலத்துப் பதிவுகளிலேயே இந்தப் பெயர் உண்டு. காசைக் கையில் வைத்துப் பார்த்தால் காரணம் புரியும். நடுவில் நெட்டுக்குத்தாக நிற்கும் கம்பு, உச்சியில் விரிந்த கொடி. அது பனைமரமாகத் தெரிந்திருக்கிறது. கம்பைக் கட்டிக்கொண்டு முழங்காலை மடக்கி இருக்கும் டோஜ், பனையேறி. விளவங்கோடு, கல்குளம் பக்கம் அதிகாலையில் முருக்குத்தடியைச் சாய்த்து, அரிவாள்பெட்டியை இடுப்பில் கட்டி, அக்கானி என்ற பதநீர் இறக்க ஏறுகிற ஆளைத் தினமும் பார்த்த கண்ணுக்கு வேறு எதுவும் தோன்றியிருக்காது.

இந்தப் பெயரை நான் சும்மா சொல்லிவிட்டுப் போக முடியாது. பனையேறிகளின் சமூகத்தை அன்று அழைத்த விதம் அது. அதில் இருந்த இழிவைத் தள்ளிவிட்டு அவர்கள் நாடார் என்று நிமிர்ந்து நின்ற வரலாறு இந்த மாவட்டத்தின் முக்கியமான வரலாறு. அவர்கள் மேல் திருவிதாங்கூர் அரசு தலைக்கு வரி போட்டது. ஏறுகிற ஏணிக்கு ஏணிக்காணம், கால் தளைக்குத் தளைக்காணம் என்று வரி போட்டது. பொன் நகை அணியத் தடை இருந்தது. 1818இல் ராணி கௌரி பார்வதி பாய் நகை அணிவதில் இருந்த கட்டுப்பாடுகளைத் தளர்த்தி ஆணையிட்டார் என்றாலும், மேலாடைக்காக நம் பெண்கள் நடத்திய போராட்டம் 1859 ஆணை வரை நீண்டது. தங்கள் பெயரில் ஊர் முழுக்கப் புழங்கிய பொற்காசைக் கழுத்தில் போட அந்த மக்களுக்கு உரிமை இல்லாமல் இருந்திருக்கிறது. என் முன்னோர்கள் அந்தக் காசை மாலையாகக் கோத்து யார் யாருக்குக் கொடுத்தார்கள், யாருக்குக் கொடுக்கவில்லை என்று நினைக்கும்போது எனக்கு நெஞ்சு கனக்கிறது.

சில வருடங்களுக்கு முன் இரணியல் பக்கத்திலிருந்து ஒரு பாட்டி பட்டறைக்கு வந்தார். முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு காசை எடுத்து வைத்தார். பேத்தி கல்யாணத்துக்குக் கம்மல் செய்ய வேண்டும்.

"ஆசாரி, இது எங்க பாட்டிக்க காசு. கருப்பட்டி வித்து வாங்குனது. சாணாக் காசுன்னு சொல்லுவா. உருக்கிச் செய்யுங்க."

"பாட்டி, இது நம்ம நாட்டுக் காசு இல்ல. கடலு தாண்டி வந்தது."

"எங்கேருந்து வந்தா என்ன, பொன்னுதானே?"

உரைத்தேன். நிறைந்த மஞ்சள். கண்ணாடி வைத்துப் பார்த்தபோது மொசெனிகோ என்ற பெயர் படிக்க முடிந்தது. ஆல்விசே மொசெனிகோ என்ற பெயரில் வெனிஸில் நான்கு டோஜ்கள் இருந்தார்கள், கடைசியாள் 1763 முதல் 1778 வரை ஆண்டவர். அதாவது தடை இருந்த காலத்தைச் சேர்ந்த காசாகவே அது இருக்கக்கூடும். தடை தளர்ந்த பிறகு எங்கோ ஒரு பனையேறிக் குடும்பத்துப் பெண் கருப்பட்டிப் பணத்தைச் சேர்த்து அதை வாங்கியிருக்கிறாள். கம்மலுக்கு வேறு பொன் பார்த்துக்கொள்ளலாம், இதைப் பேத்திக்கு அப்படியே கொடுங்கள் என்று பாட்டியிடம் மன்றாடினேன். மகனைக் கேட்டுச் சொல்கிறேன் என்று முடிந்துகொண்டு போனார். திரும்ப வரவில்லை. வேறு பட்டறைக்குப் போனாரா, பேத்திக்குக் கொடுத்தாரா தெரியாது.

காசுகளுக்கு, பொன் உருக்கும் எங்கள் மூசையைவிடப் பெரிய எதிரி இல்லை. பைசாந்தியக் காசோ வெனிஸ் காசோ, நம் கரையில் இறங்கியதில் மிகப் பெரும் பங்கு வளையலாகவும் அட்டியலாகவும் மாறிப்போயிற்று. பொன் எங்கும் போகவில்லை, நம் வீடுகளில்தான் இருக்கிறது. ஆனால் எழுத்தும் முகமும் போய்விட்டன.

அதனால் உருக்கக் கொண்டுவருகிறவர்களிடம் நான் கேட்பது இதுதான். முதலில் இரண்டு பக்கமும் வெளிச்சத்தில் படம் எடுங்கள். எடையைப் பாருங்கள்: மூன்றரைக் கிராமை ஒட்டி இருந்து, கம்பின் இரு பக்கமும் ஆள் இருந்தால் டகாட்டாக இருக்க வாய்ப்புண்டு. நாலரைக் கிராமை ஒட்டி, தலைக்குமேல் இரண்டு துளையும் சிலுவை ஏந்திய தேவதூதரும் இருந்தால் உடனே காசறிந்த ஒருவரிடம் காட்டுங்கள். எழுத்துக் குழம்பிக் கிடந்தால் உள்ளூரில் அடித்த போலி என்று தூக்கிப் போட வேண்டாம், அதை அடித்தவனும் நம் ஆள், அதுவும் வரலாறுதான். வீட்டுச் சொத்தாக வந்த காசு உங்களுடையது. வானம் தோண்டும்போதோ வயலிலோ கிடைத்தது என்றால், 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவித்தாக வேண்டும். தெரிவித்தால் அது எழும்பூர் அருங்காட்சியகத்துக்கோ நம் குமரி அருங்காட்சியகத்துக்கோ போய்ச் சேர வழி உண்டு, இன்ன ஊரில், இன்ன ஆழத்தில், இன்ன பானையில் கிடைத்தது என்ற விவரத்தோடு.